சுபைதா: பெயரும் பெருவாழ்வும்

பெயர் என்பது பெற்றோர் தம் மக்களுக்கு அளிக்கும் முதற்செல்வம். அரபு மொழிப் பெயர்களோ பொருள் பொதிந்தவை. நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் சுபைதா என்னும் பெயரும் அத்தகையதே. பாலைக் கடைந்தெடுக்கும் வெண்ணெய்க்கு அரபியில் சுப்தா என்று பெயர். ஒன்றன் சாரத்தையும் அச்சொல் குறிக்கும். செல்லம் தோன்ற அதனைக் குறுக்கி வழங்குங்கால் சுபைதா என்றாகும். ஹஸன் என்பது ஹுஸைன் ஆவதும் இவ்விலக்கண நெறிப்படியே. சிறு வெண்ணெய்த் திரள் என்பது இப்பெயரின் நேர்ப்பொருள்.

இப்பெயரை உலகறியச் செய்தவர் அப்பாசியப் பேரரசி சுபைதா அம்மையார். பக்தாத் நகரை 762ஆம் ஆண்டில் நிறுவிய கலீபா மன்சூரின் பேத்தி அவர். அவருடைய இயற்பெயர் அமத்துல் அஸீஸ். வல்லமைமிக்க இறைவனின் அடியாள் என்பது பொருள். கொழுகொழுவென வெண்ணிறத்துடன் விளங்கிய குழந்தையைக் கொஞ்சி மகிழ்ந்த பாட்டனார் சுபைதா என்று அழைத்தார் என்பர். அச்செல்லப் பெயரே வரலாற்றில் நிலைத்தது.

ஹிஜ்ரி 165ஆம் ஆண்டில் (கி.பி. 781-782) தம் உறவினரான ஹாரூன் அல்ரஷீதை அம்மையார் மணந்தார். 786இல் ஹாரூன் கலீபாவானார். செல்வச் செழிப்பில் திளைத்த அம்மாளிகையில், நூறு பணிப்பெண்கள் இடையறாது திருக்குர்ஆன் ஓதிய ஒலி தேனீக்களின் ரீங்காரம்போல் கேட்டது என வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர்.

எனினும் அம்மையாரின் புகழ் மாளிகையால் விளைந்ததன்று, தண்ணீரால் விளைந்தது. அந்நாளில் மக்காவில் ஒரு தோற்பை நீர் ஒரு தினாருக்கு விற்றதாம். ஹஜ்ஜுக்கு வந்த ஏழைகள் பட்ட துயர் அவருடைய நெஞ்சைச் சுட்டது. ஹுனைன் பள்ளத்தாக்கின் ஊற்றுநீரை மக்காவுக்கும், நுஃமான் பள்ளத்தாக்கின் நீரை அறஃபாத் வெளிக்கும் கொணரப் பணித்தார். குன்றுகளைக் குடைந்து பாறைகளைப் பிளக்க வேண்டியிருந்தது. செலவு மிகும் என்று அலுவலர் தயங்கினார். கோடரியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தினார் செலவாயினும் பணி நிற்கலாகாது என அம்மையார் உறுதியாகக் கூறிவிட்டார். 17 இலட்சம் தினார் செலவாயிற்று என்பர். பணி முடிந்ததும் கணக்கேடுகள் அவர்முன் வைக்கப்பட்டன. கணக்கை மறுமை நாளுக்கென விட்டு, ஏடுகளை ஆற்றில் எறியச் செய்தார் என்பது வழிவழி வரும் செய்தி.

கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்ட பாலைவழியிலும், முன்னோர் தொடங்கிய பணியை அவர் பெருக்கினார். கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் தங்குமிடங்களும் எழுந்தன. அவ்வழி இன்றும் சுபைதா பாதை என்றே வழங்குகிறது. ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், 1184இல் அவ்வழியே சென்ற ஸ்பானிய நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அந்நீர்நிலைகள் இல்லையேல் அவ்வழியில் எவரும் செல்லவியலாது என்று போற்றியுள்ளார். 16ஆம் நூற்றாண்டில் சுபைதா ஊற்றின் கால்வாயைப் புதுப்பிக்கப் பொருளுதவியவரும் ஒரு பெண்மணியே. அவர் உதுமானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா.

இத்துணைப் பேரின் தாகம் தீர்த்த அன்னைக்குப் பெருந்துயர் ஒன்று காத்திருந்தது. 809இல் ஹாரூன் மறைந்தார். அம்மையாரின் மகன் அமீனுக்கும், மாற்றாள் மகன் மஃமூனுக்கும் அரியணைப் போர் மூண்டது. 813இல் அமீன் கொல்லப்பட்டார். பழிவாங்கப் புறப்படுமாறு சிலர் தூண்டினர். ஆனால் பெற்ற வயிறு பற்றியெரிந்தபோதும் அம்மையார் அதற்கு இணங்கவில்லை. மேலும் குருதி சிந்துவதைத் தவிர்த்தார். மஃமூனும் அவரைத் தாயெனப் போற்றினார். 825இல் நிகழ்ந்த மஃமூனின் திருமண விழாவில் அம்மையார் சிறப்புடன் கலந்துகொண்டார். ஹிஜ்ரி 216இல் (கி.பி. 831) பக்தாதில் காலமானார்.

கடைந்த பின்னரே பாலிலிருந்து வெண்ணெய் திரள்கிறது. துயரம் என்னும் மத்து அம்மையாரின் வாழ்வைக் கடைந்தபோது திரண்டெழுந்தது வஞ்சமன்று, பொறுமையே. பாட்டனார் அழகு கண்டு இட்ட பெயருக்கு, ஈகையாலும் பொறையாலும் புதுப்பொருள் தந்தவர் அவர். தம் மகளுக்குச் சுபைதா எனப் பெயர் சூட்டுவோரும், அப்பெயரைத் தாங்கிய மாணவியரும் இவ்வரலாற்றை நெஞ்சிற் கொள்வாராக.