மின்னலை லேப்புக்குக் கொண்டு வந்தவர்

ஐப்பசி மழையில் இடி இடிச்சா, மேல்பட்டாம்பாக்கத்தில் எங்க அம்மா முதல்ல ஓடிப்போய் டிவி பிளக்கைப் பிடுங்குவாங்க. ஆனா நெய்வேலியிலிருந்து கிளம்பும் 400 கேவி லைனுக்குப் பிளக்கைப் பிடுங்க முடியாதே! அது இடியிலும் நின்னுதான் ஆகணும். அதுக்காக மண்டையை உடைச்சிக்கிட்டவர்களில் முக்கியமானவர் நமக்கு ஏற்கனவே தெரிஞ்சவர்தான். மெஷின்ஸ் பேப்பரில் ஹிஸ்டெரிசிஸ் லாஸ் ஃபார்முலாவில் 1.6 பவர் வருமே, அந்த ஸ்டெய்ன்மெட்ஸ்.

1865-ல் அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அப்பாவைப் போலவே பிறவியிலேயே கூன். உயரம் நாலடி சொச்சம். டாக்டர் பட்ட ஆய்வை முடிக்கும் நேரத்தில், சோஷலிசப் பத்திரிகையில் எழுதியதற்காக போலீஸ் தேட, பட்டம் வாங்காமலே 1888-ல் ஊரைவிட்டு ஓடினார். அடுத்த வருஷம் நியூயார்க்கில் இறங்கியபோது கையில் காசில்லை, இங்கிலீஷும் சரியா வராது. அதிகாரிகள் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கூட வந்த நண்பர் பொறுப்பேற்றுக்கொண்டதால் உள்ளே விட்டார்கள்.

மூணே வருஷம். 1892-ல் ஹிஸ்டெரிசிஸ் விதி வந்தது. அடுத்து, ஏசி சர்க்யூட் கணக்குக்கு காம்ப்ளெக்ஸ் நம்பரைக் கொண்டு வந்தார். நாம 'ஜே' போட்டு ஈஸியா முடிக்கும் கணக்கெல்லாம் அவர் தயவு. அவர் வேலை பார்த்த கம்பெனியை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்க, அவரும் அங்கே போனார். தன் கூன் பிள்ளைகளுக்கும் வந்துடுமோன்னு பயந்து கல்யாணமே பண்ணிக்கலை. உதவியாளர் ஹேடனைத் தத்தெடுத்து, அவர் குழந்தைகளுக்குத் தாத்தாவாக வாழ்ந்தார்.

1920-ல் மொஹாக் ஆற்றுப் பக்கம் இருந்த அவருடைய குடிலில் மின்னல் விழுந்தது. உள்ளே இருந்த முகக்கண்ணாடி சுக்குநூறு. நாமா இருந்தா பெருக்கித் தள்ளியிருப்போம். அவர் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்து, மின்னல் போன தடத்தைப் படித்தார்.

லைனில் மின்னல் விழுந்தா வோல்டேஜ் எகிறும். அடுக்கடுக்கா தொங்கும் இன்சுலேட்டரைச் சுற்றியுள்ள காற்று தாங்காமல் ஃப்ளாஷ்ஓவர் ஆகும். அந்தத் தீப்பொறிப் பாதையிலேயே லைனின் சொந்தக் கரண்டும் டவர் வழியா மண்ணுக்கு இறங்கும், பிரேக்கர் டிரிப் ஆகும். இதைத் தடுக்கத்தான் டவர் உச்சியில் எர்த் வயர், சப்ஸ்டேஷனில் அரெஸ்டர். சாதாரண வோல்டேஜில் அரெஸ்டர் கரண்டை விடாது. வோல்டேஜ் எகிறினா மட்டும் வழிவிட்டு, உடனே கதவைச் சாத்தணும். சாத்துதான்னு சோதிக்க வானத்து மின்னலுக்காகக் காத்திருக்க முடியுமா?

அதனால் 1922-ல் அவரே மின்னல் செய்தார். கெப்பாசிட்டர்களில் மெதுவா சேர்த்த சார்ஜை ஒரே நொடிப்பொழுதில் விடுவிக்க, லட்சம் வோல்ட்டுக்கு மேல், 10,000 ஆம்பியர் பாய்ந்தது. மரக்கட்டை பிளந்து சிதறியது. இன்னைக்கு ஹை வோல்டேஜ் லேப்பில் இன்சுலேட்டரையும் அரெஸ்டரையும் இம்பல்ஸ் டெஸ்ட் செய்றோமே, அதுவும் இதே வழிதான்.

1923 அக்டோபரில் ஸ்டெய்ன்மெட்ஸ் இறந்தார். 1962-ல் நெய்வேலியில் மின் உற்பத்தி தொடங்கியது.

இப்போ ப்ளேஸ்மென்ட் சீசன். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கே இன்டர்வியூவில் நாக்கு ஒட்டிக்குது. தமிழ் மீடியத்திலிருந்து வந்த என் ரூம்மேட், அரெஸ்டரை என்னைவிட நல்லா விளக்குவான். ஆனா இங்கிலீஷ்னு வந்துட்டா வாயே திறக்க மாட்டான். நியூயார்க் வாசலில் அந்த நண்பர் மட்டும் பேசாம இருந்திருந்தா? இந்த வாரம் அவனோட மாக் இன்டர்வியூவுக்கு நான் பக்கத்தில் உட்காரப் போறேன்.