கற்களைப் படித்த குருவானவர்

கல் என்றதும் நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. அரைப்பதற்குக் கருங்கல், குழம்பு வைப்பதற்கு மாக்கல் சட்டி என்று கல்லுக்குக் கல் குணம் பிரித்து வைத்திருந்தவர்கள் நம் பாட்டிமார். இரும்பையும் செம்பையும் அறியாத ஆதிகால மக்கள் இந்த அறிவை எவ்வளவு தூரம் வளர்த்திருந்தார்கள் என்று வாழ்நாள் முழுவதும் தேடிச் சென்றார் ஒரு கத்தோலிக்கக் குரு. அவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம்.

அருட்தந்தை ஹென்றி ப்ரேய் 1877-ஆம் ஆண்டு பெப்ருவரி 28-ஆம் நாள் பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில், மோர்த்தேன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அரசு வழக்கறிஞர். சிறுவனுக்கு உடல்நலம் போதாது. ஆனால் வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிச் சேர்ப்பதில் தீராத ஆசை. பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஓராண்டு ஓய்வாக இருக்க நேர்ந்தது. அந்த ஆண்டில் உறவினர் வட்டத்துப் பெரியவர் ஒருவர் அவரைச் சோம் நதிப் பள்ளத்தாக்கின் சரளைக் குழிகளுக்கு அழைத்துச் சென்று, அங்கே புதைந்து கிடந்த கற்கோடரிகளைக் காட்டினார்.

அவை சிக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பது போல, அந்நாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளில் சிக்கிமுக்கிக் கட்டிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். சரியான இடத்தில் தட்டினால் கண்ணாடி உடைவது போலச் சில்லு தெறித்து, சவரக்கத்தி போன்ற விளிம்பு கிடைக்கும். உறைபனியில் கிடந்து விரிசல் கண்ட கல்லோ தட்டியதும் நொறுங்கிப் போகும். ஆகவே ஆதி மனிதன் கையில் அகப்பட்ட கல்லை எடுத்து அடித்தவன் அல்லன். தட்டிப் பார்த்து, பொறுக்கி எடுத்தவன். நல்ல சிக்கிமுக்கி நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கொண்டு செல்லப்பட்டிருக்கிறது. மூட்டை சுமக்க மாடோ குதிரையோ பழக்கப்படாத காலம் அது என்பதையும் நாம் மறக்கலாகாது.

1895-இல் ஹென்றி குருமடத்தில் சேர்ந்தார். உலகம் மிகப் பழமையானது, மனிதனும் பழமையானவன் என்ற பேச்சையே விசுவாசத்துக்கு விரோதமாகப் பலர் எண்ணிய நாட்கள் அவை. ஆனால் குருமடத்தில் அறிவியல் கற்பித்த குரு ஒருவர் இந்த ஆராய்ச்சியைக் கண்டு அஞ்சவில்லை, மாணவரை ஊக்கினார். 1900-இல் ஹென்றி குருப்பட்டம் பெற்றார். பங்குப் பொறுப்பு ஏதுமின்றி ஆராய்ச்சியில் ஈடுபட அவருக்கு அனுமதியும் கிடைத்தது. அந்த அனுமதி மட்டும் கிடைத்திராவிட்டால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

மறு ஆண்டே, 1901 செப்டம்பரில், தென்மேற்குப் பிரான்சின் தொர்தோஞ் பகுதியில் கப்பித்தான், பெரோனி என்னும் இருவருடன் சேர்ந்து இரண்டு குகைகளின் சுவர்களில் ஆதிகால ஓவியங்களையும் செதுக்கல்களையும் கண்டார். ஒரு குகையில் சிக்கிமுக்கி உளியால் கீறிய குதிரைகளும் பெரும் யானைகளும். மற்றதில் வண்ணம் தீட்டிய காட்டெருமைகள். கல்லை ஆயுதமாக்கியவர்களே கல்லை எழுதுகோலும் ஆக்கியிருந்தார்கள்.

இந்தச் செய்தி ஸ்பெயின் நாட்டில் ஒரு பழைய வழக்கை மீண்டும் எழுப்பியது. 1879-இல் அல்தமிரா என்னும் குகையில் சவுத்துவோலா என்னும் நிலக்கிழார் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூட வந்த எட்டு வயது மகள் மரியாதான் தலைநிமிர்ந்து, கூரையில் எருதுகள் இருப்பதை முதலில் கண்டாள். (பெரியவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு சிறுமி மேலே பார்த்தாள் என்பது நம் மாணவியருக்குப் பிடிக்கும்!) தந்தை அதை நூலாக வெளியிட்டார். அறிஞர்களோ நம்பவில்லை. வண்ணம் புதிதாக இருக்கிறதே, விளக்குப் புகைக்கரியைக் காணோமே என்றார்கள். யாரோ ஓர் ஓவியனைக் கொண்டு வரைவித்த மோசடி என்ற பழி அவர்மீது விழுந்தது. அந்தப் பழி நீங்காமலே 1888-இல் அவர் இறந்தார்.

அன்று மறுத்தவர்களில் ஒருவர் கர்த்தையாக் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர். புதிய குகைகளைக் கண்டபின் 1902-இல் தம் தவற்றை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு கட்டுரை எழுதினார். பாவ அறிக்கை செபத்தில் மார்பில் தட்டிச் சொல்லும் இலத்தீன் சொற்களையே அதற்குத் தலைப்பாக்கினார். அவ்வளவோடு நிற்காமல், இருபத்தைந்து வயது இளங்குருவான ப்ரேயையும் அழைத்துக்கொண்டு அல்தமிராவுக்கே புறப்பட்டார்.

அங்கே ப்ரேய் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூரை தாழ்வானது, நின்று வரைய முடியாது. வைக்கோல் திணித்த சாக்குகளின்மேல் மல்லாந்து படுத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாள்தோறும் பல மணி நேரம் வரைந்தார். குகையின் ஈரத்தில் நீர்வண்ணம் காயவில்லை. ஆகவே வண்ணக் கட்டிகளைக் கொண்டே எல்லாவற்றையும் படியெடுத்தார். அந்தப் படங்கள் மொனாக்கோ நாட்டு இளவரசரின் பொருளுதவியால் 1906-இல் பெரிய நூலாக வெளிவந்தன. சவுத்துவோலாவின் பெயர் துலங்கியது. கர்த்தையாக்கின் வருத்தத்தைவிட இந்தப் படங்களே அவருக்கு நியாயம் வழங்கின என்பது எமது எண்ணம்.

ஒவ்வொரு கோட்டையும் தம் கையால் மீண்டும் இழுத்தவருக்கு, வரைந்தவர்களின் கைவேலை புலப்படாமல் போகுமா? சிவப்பு நிறம் காவிக்கல்; இரும்புச் சத்துள்ள மண். மஞ்சள் காவியை நெருப்பில் சுட்டால் அது சிவப்பாகும். சூளையில் களிமண் செங்கல்லாகச் சிவப்பது போன்றதே இது. ஆதி மக்களும் இதை அறிந்து செய்தார்கள். கறுப்புக்கு அல்தமிராவில் அடுப்புக்கரி. தொர்தோஞ் குகைகளில் மண்ணில் கிடைக்கும் மாங்கனீசுக் கனிமமும் உண்டு. நீலமும் பச்சையும் இல்லை. கட்டியைக் கல்லில் உரசி, பொடியாக்கி, நீரில் குழைத்துப் பூசினார்கள். கையைச் சுவரில் வைத்து, சுற்றிலும் வண்ணத்தை ஊதிக் கைத்தடமும் பதித்தார்கள். பாறை புடைத்த இடமே அல்தமிரா எருமையின் வயிறும் தோளும் ஆயிற்று.

புகைக்கரிக்கும் விடை உண்டு. தொர்தோஞ்சின் லா மூத் குகையில் 1899-இலேயே சிவப்பு மணற்கல்லில் குடைந்த அகல் ஒன்று கிடைத்திருந்தது. அதன் அடிப்பாகத்தில் ஒரு காட்டாட்டின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. இத்தகைய கல் அகல்களில் விலங்குக் கொழுப்பை ஊற்றித் திரியிட்டால் புகை மிகக் குறைவு. அறிஞர்கள் எழுப்பிய ஐயத்துக்கு ஒரு சிறு கல்விளக்கு போதுமானதாக இருந்தது.

ஓவியங்களுக்காகவே ப்ரேய் புகழ்பெற்றாலும், கற்கருவிகளில் அவர் செய்த வேலையும் சிறியதன்று. எந்தக் கருவி முந்தியது, எது பிந்தியது என்பதில் அக்கால அறிஞர் பலர் தவறான வரிசை வைத்திருந்தனர். மண்ணடுக்குகளையும் கற்களின் செதுக்கு முறையையும் ஒப்பிட்டு ஏழாண்டுகள் வாதாடி, 1912-இல் ஜெனிவா மாநாட்டில் புதிய வரிசையை நிலைநாட்டினார். 1929 முதல் 1947 வரை பாரிசிலுள்ள கொலேஜ் தெ பிரான்சில் பேராசிரியராக இருந்தார்.

1940 செப்டம்பர் 12-ஆம் நாள் நான்கு சிறுவர்கள் லாஸ்கோ குகைக்குள் இறங்கினார்கள். போரின் காரணமாக அப்பகுதியிலேயே தங்கியிருந்த ப்ரேய் சில நாட்களில் அங்கே வந்து, ஓவியங்கள் உண்மையானவையே என்று உறுதிசெய்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று, கண்பார்வையும் குன்றியிருந்தது. பின்னாளில் அக்குகையில் அரைகற்களும் நூற்றுக்கு மேற்பட்ட வண்ணக் கனிமத் துண்டுகளும் கிடைத்தன. பலவற்றில் உரசிய தடம் அப்படியே இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் ஒரு பாறை ஓவியத்தைப் பார்த்து, அது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைப் பெண் என்றார். அது அம்மண்ணின் மக்களே வரைந்த ஆண் உருவம் என்பதே இன்றைய முடிவு. ஐரோப்பாவின் ஆதி மக்களுக்கு அவ்வளவு பெருந்தன்மையோடு திறமையைக் கொடுத்தவர், ஆப்பிரிக்கர்களுக்கு அதைக் கொடுக்கத் தயங்கியது நமக்கு வருத்தமே. குகை ஓவியங்களுக்கு அவர் வகுத்த கால வரிசையும் 1994-இல் ஷோவே குகை கண்டுபிடிக்கப்பட்டபின் மாறியது; அவர் தொடக்க நிலைக்குரியதாகக் கருதியதைவிட மிகத் தேர்ந்த ஓவியங்கள், முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை, அங்கே இருந்தன.

தம் வாழ்நாளில் எழுநூறு நாட்களுக்கு மேல் நிலத்தடியில் கழித்ததாக அவர் கணக்கிட்டார். இறுதிவரை குருவாகவே வாழ்ந்து, 1961 ஆகஸ்டு 14-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்திய தினம், பாரிசுக்கு அருகிலுள்ள லில் அதாம் என்னும் ஊரில் இறைவனடி சேர்ந்தார். இரண்டாண்டில் லாஸ்கோ குகை பார்வையாளருக்கு மூடப்பட்டது. மக்களின் மூச்சே ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியிருந்தது. அதன் அருகிலேயே மாதிரிக் குகை ஒன்று அமைத்து 1983-இல் திறந்தார்கள். அதன் சுவர்களைத் தீட்டியவர்கள் கையில் எடுத்ததும் இயற்கை மண் வண்ணங்களையே: காவியும் மாங்கனீசும்.