எல்லாப்பிரகத சுப்பாராவ்

எல்லாப்பிரகத சுப்பாராவ் (சனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார்.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க்குடன் ஆய்வு செய்து, பியூரின் சேர்மமான ஏடிபியை 1929இல் கண்டறிந்தார். அதே ஆண்டில் செருமனியின் கார்ல் லோமனும் அதனைத் தனியே கண்டறிந்தார்.

1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். உயிரணுக்கள் பியூரின்களை உருவாக்க ஃபோலிக் அமிலம் தேவை. இவரது குழு அதனை 1945இல் செயற்கையாகத் தொகுத்தது. இவருடைய உடன்பிறந்தாரைப் பலிகொண்ட ஸ்புரூ என்னும் குடல்நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. பின்னர் அம்மூலக்கூற்று வளையத்தின் 4ஆம் இடத்தில் ஐதராக்சில் தொகுதிக்கு மாற்றாக அமினோ தொகுதியை வைத்து அமினோப்டெரினை உருவாக்கினர். மாற்றம் சிறிதே, ஆயினும் ஊட்டச்சத்து நஞ்சாயிற்று. இது டைஐதரோஃபோலேட்டு ரிடக்டேசு நொதியை இறுகப் பற்றுவதால் பியூரின் ஆக்கம் தடைப்பட்டு, விரைந்து பெருகும் புற்றணுக்கள் மடிகின்றன.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இம்மருந்தை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அம்முடிவுகள் 1948 சூனில் வெளியாயின. ஃபார்பரை அறிந்த அளவு, மருந்தை ஆக்கி அளித்தவரை உலகம் அறியவில்லை. இரு மாதங்களில், தம் 53ஆம் அகவையில், சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினுடன் ஒரு மெத்தில் தொகுதி கூடிய மெத்தோடிரெக்சேட்டு இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் வழங்கப்படுகிறது.