செல்ஃப் மோட்டார் தந்த கெட்டரிங்

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)

ஆண்டு மலருக்கு அறிஞர் வரலாறு எழுதலாம் என்றதும் ஆளாளுக்கு எடிசன், அப்துல் கலாம் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுத்த பெயர் யாருக்கும் தெரியவில்லை. சார்லஸ் கெட்டரிங்! ஆனால் அவர் செய்து வைத்ததைத் தொடாமல் நம்மில் ஒருவர்கூட காரோ லாரியோ எடுப்பதில்லை. சாவியைத் திருகியதும் என்ஜின் சுற்றுகிறதே, நம்ம ஊரில் செல்ஃப் என்கிறோமே, அந்த மின்சார செல்ஃப் மோட்டாரைக் காருக்குள் உருப்படியாகக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான்.

அவரைத் தேடிப் படிக்க எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் அப்பா ஓட்டும் பழைய டீசல் பிக்கப். அதைப் பிறகு சொல்கிறேன். இன்னொன்று எங்கள் தாத்தாவின் வலது கை. தாத்தா சின்ன வயதில் பெட்ரோல் லாரியில் கிளீனராக இருந்தவர். அவர் மணிக்கட்டு கோணலாக இருக்கும். ஹேண்டில் போடும்போது என்ஜின் திருப்பி அடித்து எலும்பு முறிந்து, சரியாகக் கூடாமல் போய்விட்டது. சோற்றைப் பிசையும்போதே பார்த்தால் தெரியும். பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பொறி விழுந்துவிட்டால் என்ஜின் பின்பக்கமாக உதைக்கும், ஹேண்டிலும் எதிர்த்திசையில் சுற்றும் என்று நாம் வகுப்பில் படித்தோமே, அது தாத்தாவுக்குக் கையிலேயே எழுதியிருக்கிறது.

அமெரிக்காவிலும் அந்தக் காலத்தில் இதே கதைதான். 1908-இல் பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு உதவப் போய், ஹேண்டில் அடித்து அடிபட்டு, பின் உடம்பு மோசமாகி இறந்துபோனார் என்று சொல்வார்கள். அவருடைய நண்பர் கேடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லீலண்ட். ஹேண்டில் இல்லாமல் கார் கிளம்ப ஒரு வழி வேண்டும் என்று அவர் தேட, அந்த வேலை கெட்டரிங்கிடம் வந்து சேர்ந்தது.

யார் இந்தக் கெட்டரிங்? 1876 ஆகஸ்ட் 29-இல் ஒகாயோ மாநிலத்தில் லௌடன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். படிப்பில் கெட்டி, ஆனால் கண் மோசம். கொஞ்ச நேரம் படித்தால் தலைவலி வந்துவிடும். கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தார். கண் ஒத்துழைக்காமல் படிப்பு நின்றது. டெலிபோன் கம்பெனியில் சேர்ந்து கம்பம் நட்டார், கம்பி இழுத்தார். மறுபடியும் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். கூடப் படித்தவர்கள் பாடத்தை உரக்க வாசிக்க, இவர் காதால் கேட்டே படித்தார். இப்படி விட்டு விட்டுப் படித்து 1904-இல் மின்பொறியியல் பட்டம் வாங்கியபோது வயது 28-ஐ நெருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரியர் விழுந்த செமஸ்டரில் இந்தப் பகுதியை மட்டும் மூன்று தடவை படித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்கு முதல் வேலை டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில். கடைகளில் இருக்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்தைக் கையால் இயக்க வேண்டியிருந்ததை மோட்டாரால் இயங்கும்படி மாற்றினார். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் கெட்டரிங்கின் மொத்த வாழ்க்கையும் அந்தக் கல்லாப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. கல்லா திறக்கும் ஒரு கணத்துக்கு மட்டும் நல்ல முறுக்குவிசை வேண்டும். அப்புறம் அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை மோட்டாருக்கு ஓய்வு. அதனால் குட்டி மோட்டாருக்கு அதன் தகுதிக்கு மேல் கரண்ட் கொடுத்தாலும் எரியாது. சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும்!

1909-இல் அந்த வேலையை விட்டுவிட்டு, எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து டெல்கோ கம்பெனியைத் தொடங்கினார். தொடங்கிய இடம் டீட்ஸ் வீட்டுப் பின்னால் இருந்த கொட்டகை. பழைய கம்பெனி ஆட்கள் வேலை முடிந்த பிறகு அங்கே வந்து ராத்திரியில் உழைத்தார்கள். முதலில் செய்து விற்றது கேடிலாக்குக்கு பேட்டரி இக்னிஷன். அடுத்து செல்ஃப்.

அதற்கு முன்பும் பலர் முயன்றார்கள். அமுக்கிய காற்று, ஸ்பிரிங் என்று என்னென்னவோ. மின்மோட்டார் நடக்காது என்றார்கள் படித்தவர்கள். நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்குப் போடும் கணக்கைப் போட்டால் மோட்டாரும் பேட்டரியும் காருக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக வந்தன. கெட்டரிங் கல்லாப்பெட்டிக் கணக்கைப் போட்டார். என்ஜின் பிடித்துக்கொள்ள சில விநாடிகள்தானே வேண்டும்? 1911 தொடக்கத்தில் கார் தயார். 1912 மாடல் கேடிலாக்கில் எல்லாக் காரிலும் வந்துவிட்டது. ஒரே இயந்திரம் முதலில் மோட்டாராக நின்று என்ஜினைச் சுற்றும், என்ஜின் ஓடியதும் ஜெனரேட்டராகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். விளக்கும் அதிலேயே எரியும்.

இப்போது எங்கள் வண்டிக்கு வருகிறேன். அப்பா அந்தப் பிக்கப்பில் தக்காளி ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வருவார். போன மழைக்காலத்தில் செல்ஃப் அடித்தால் உர்ர்... உர்ர்... என்று இழுத்துவிட்டு நின்றுவிடும். டீசல் என்ஜினில் பொறி கிடையாது. அமுக்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றும். வேகமாகச் சுற்றாவிட்டால் சூடு வராது, வண்டி பிடிக்காது. முதலில் பேட்டரி போச்சு என்றார்கள். வட்டிக்கு வாங்கிப் புது பேட்டரி போட்டோம். அப்படியேதான் இருந்தது. அடுத்து செல்ஃப் மோட்டாரையே மாற்றணும், ஆறாயிரம் ஆகும் என்றார்கள். இதற்கு நடுவில் தினமும் நானும் அம்மாவும் தள்ளி ஸ்டார்ட் பண்ணினோம். லோடு ஏற்றிய வண்டியைத் தள்ள முடியுமா? ஒரு நாள் தக்காளி அழுகியே போச்சு.

கெட்டரிங்கைப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. குட்டி மோட்டார் அந்தச் சில விநாடியில் பெரிய வேலை செய்கிறது என்றால், அந்த நேரத்தில் அது குடிக்கும் கரண்டும் பெரிசு என்று அப்போதுதான் உறைத்தது. டீசலுக்கு 300 ஆம்பியர் போனாலும் ஆச்சரியமில்லை. வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால்கூட 3 வோல்ட் அங்கேயே தின்னப்பட்டுவிடும். விளக்கு பளிச்சென்று எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் இழுக்காது. ஆகவே சும்மா நிற்கும்போது மீட்டர் வைத்தால் ஒன்றும் தெரியாது, செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும்.

லேபில் சாரிடம் கேட்டு மல்டிமீட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வண்டி நியூட்ரல், ஹேண்ட் பிரேக். என்ஜின் பிடித்துவிடாமல் இருக்க ஸ்டாப் நாப்பை இழுத்துப் பிடித்தபடி அப்பா ஐந்து ஐந்து விநாடியாக செல்ஃப் அடித்தார். நடுவில் மோட்டார் ஆற நேரம் விட்டோம். பேட்டரி முனைகளில் 11.0 வோல்ட் நின்றது. அப்போ பேட்டரி நல்லது. செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 7.1 தான். மீதி 3.9 எங்கே? பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டார் போல்ட் வரை, சொலினாய்டு உட்பட, 0.3. அது சரி. நெகட்டிவ் முனையிலிருந்து என்ஜின் உடம்புக்கு வைத்தேன். 3.6! அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம்.

கீழே படுத்துப் பார்த்தால், என்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை. முன்பு சேசிஸில் வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்தபோது பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். அடியில் துரு, பட்டையில் பச்சை பூத்துப் பாதி இழை அறுந்திருந்தது. பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்து, புதுப் பட்டை மாட்டி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி அளந்தால் 0.2. அப்பா நாப்பை விட்டுவிட்டு செல்ஃப் அடித்தார். ஒரே அடி! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கெட்டரிங்கின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்கம்பி போகாத பண்ணை வீடுகளுக்காக என்ஜினும் பேட்டரியும் சேர்ந்த 32 வோல்ட் டெல்கோ லைட் செய்தார். பின்பு ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1920 முதல் 1947 வரை தலைவர். செம்பால் குளிரவைக்கும் என்ஜின் ஒன்று செய்து, 1923-இல் விற்ற கார்களைத் திரும்ப வாங்கும்படி ஆனதும் உண்டு. அவர் ஆதரித்து வளர்த்த இரண்டு ஸ்ட்ரோக் டீசல் என்ஜின் 1934-இல் பர்லிங்டன் ஸெஃபைர் ரயிலை டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 13 மணி 5 நிமிடத்தில் கொண்டுபோனது. நீராவி என்ஜின்களுக்குக் காலம் முடிய ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பெட்ரோலில் ஈயம் கலந்தால் என்ஜின் தட்டாது என்று 1921-இல் கண்டுபிடித்தது அவர் கூடத்தில்தான். 1924-இல் அந்த ஈயத்தைத் தயாரித்த தொழிலாளிகள் விஷம் ஏறி இறந்தார்கள். அப்போதும் கெட்டரிங் அதை விட்டுக்கொடுக்கவில்லை, வாதாடினார். இந்தியாவில் அது நிற்க 2000 ஆயிற்று, உலகம் முழுக்க நிற்க 2021. கைமுறிவைத் தடுக்க வேலை செய்த மனிதர் இதைப் பார்க்காமல் விட்டாரே என்று எனக்கு அவர்மேல் கோபம் உண்டு.

1945-இல் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரையும் சேர்த்து எழுந்தது. 1958 நவம்பரில், 82-ஆம் வயதில் டேட்டனில் காலமானார்.

இதையெல்லாம் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அந்தாளு எந்த வருஷம் இதைச் செஞ்சார் என்று கேட்டார். 1912 என்றேன். தாத்தாவுக்குக் கை முறிந்தது 1971. விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகுதான் எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அந்த லாரியிலும் செல்ஃப் இருந்ததாம். ஆறு மாதமாக வேலை செய்யவில்லையாம். கிளீனர் பையன் இருக்கிறானே, ஹேண்டில் போடட்டும் என்று ஓனர் அதைப் பார்க்காமலே விட்டுவிட்டாராம்.