குமாரமங்கலம் டாக்டர் சுப்பராயனும் அவர்தம் மக்கள் நால்வரும்

அந்நாளைய சேலம் ஜில்லாவில், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலை வடகிழக்கே காவலாய் நிற்க, தென்மேற்கே திருச்செங்கோட்டை அடுத்து விளங்கிய ஜமீன் குமாரமங்கலமாம். கொங்கு வேளாள குலத்து அந்த ஜமீனில் 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் தோன்றியவர் டாக்டர் ப. சுப்பராயன். சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்றுத் தேர்ந்து, 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாய் இருந்தார். உத்தியோகங்களில் எல்லா வகுப்பாரும் இடம் பெறச் செய்த வகுப்புவாரி உத்தரவு முத்தையா முதலியாரால் நடைமுறைக்கு வந்ததும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்ததும் அவர் காலத்திலேயாம்.

அவர் மணந்த ராதாபாய் அம்மையார் நம் குலத்தவர் அல்லர். தாழ்த்தப்பட்டோர்க்குப் பள்ளிகள் நிறுவிய மங்களூர் குத்முல் ரங்கராவ் அவர்களின் புதல்வியார் அவர். 1930இல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் இந்தியப் பெண்டிர்க்காகச் சென்ற இருவருள் ஒருவராய் விளங்கினார்.

இத்தம்பதிகளுக்குப் பரமசிவ பிரபாகர், கோபால், மோகன், பார்வதி என மக்கள் நால்வர். மூத்தவர் 1913இலும் இளையவர் 1919இலும் பிறந்தனர். ஒரே கூரையின்கீழ், ஒரே செல்வத்தில் வளர்ந்த இந்நால்வரும் சென்ற வழிகளோ வெவ்வேறு. மூத்தவர் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கோபால் பொதுத்துறைத் தொழில்களின் நிர்வாகத்தில் ஈடுபட்டார். மோகன் 1938இல் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத் தலைவராகி, பொதுவுடைமைக் கொள்கை பூண்டு தாயகம் திரும்பினார். ஆக்ஸ்போர்டில் பயின்ற பார்வதியும் அவ்வழியே நின்றார்.

1941இல் ஆங்கிலேய அரசு தொடுத்த சென்னைச் சதி வழக்கில் மோகன் சிறைப்பட்டார். மறு ஆண்டில், அதே ஆங்கிலேயரின் கொடியின்கீழ் ஆப்பிரிக்கப் பாலையில் போரிட்டு வீர விருது பெற்ற மூத்தவர் பகைவர் கையில் சிறையானார். இவ்விரண்டையும் ஒரே தந்தையின் உள்ளம் தாங்க நேர்ந்தது. பின்னும், 1947-48இல் சுப்பராயன் போலீஸ் இலாகா மந்திரியாய் இருந்தார். பொதுவுடைமைக் கட்சியினரை அரசு அடக்க முற்பட்ட காலமும் அதுவே. அக்கட்சியிலே தம் மகனும் மகளும் இருந்தனர் என்பதை நினைக்குந்தோறும் அவருடைய நிலை நமக்கு விளங்கும்.

1962 அக்டோபர் 6ஆம் நாள், மகாராஷ்டிரக் கவர்னராய் இருக்கையிலேயே அவர் காலமானார். மூத்த மகன் 1966இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானதையோ, மத்திய மந்திரியாகி நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய மோகன் 1973இல் விமான விபத்தில் மாண்டதையோ அவர் காணவில்லை. கோவையின் பிரதிநிதியாய்ப் பார்லிமெண்டில் வீற்றிருந்த பார்வதி கிருஷ்ணன் 2014 வரை வாழ்ந்தார்.

நம் குலத்திற் பிறந்தாரென அவரை நாம் பெருமையுடன் கொண்டாடுகின்றோம். அங்ஙனம் கொண்டாடும் நாம், அவர் குலத்தின் எல்லையைக் கடந்தே மணம் புரிந்தார் என்பதையும், ஆண் பெண் வேற்றுமையின்றி மக்களைக் கற்பித்தார் என்பதையும் மறைத்துப் பேசுதல் தகாது. மாலையை மட்டும் சூட்டி, மனிதரை விட்டுவிடுதல் நன்றியாகாது. பெண்மக்களைப் பட்டப் படிப்புக்கு அனுப்பவும், பிள்ளைகளின் துணிந்த கொள்கையைப் பொறுக்கவும் நம் இல்லங்கள் முன்வருமாயின், அதுவே அவர்க்கு நாம் எடுக்கும் நினைவுச் சின்னமாம்.