விதிவிலக்கில் விளைந்த பொற்குவை

பொன் பதுக்கலை ஒழிக்கப் பிறந்த ஓர் அரசாணைதான், அமெரிக்காவின் மிக முழுமையான பொற்காசுத் தொகுப்புக்கும் வித்திட்டது. கல்லூரியில் பணவியல் பாடம் நடத்திய ஆண்டுகளில், தடைச் சட்டங்களை மக்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை விளக்க நான் அடிக்கடி நாடியது லூயி எலியாஸ்பெர்க்கின் வாழ்க்கையையே.

1896இல் அலபாமா மாநிலத்தின் செல்மாவில் பிறந்தவர் அவர். பால்டிமோர் நகரில் நிதி நிறுவனம் நடத்திச் செல்வரானார். 1925ஆம் ஆண்டளவில் பழைய நாணயங்களைத் திரட்டத் தொடங்கினார். அப்போது அது ஓய்வுநேர ஆர்வம் மட்டுமே. பொன்மீது அவர் பார்வை திரும்பியது பெருமந்தத்தின்போதுதான்.

1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட், மக்கள் வசமிருந்த பொன்னை மத்திய வங்கியிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை. ஒப்படைத்தவர்களுக்கு அவுன்சுக்கு 20.67 டாலர் கிடைத்தது. அடுத்த ஜனவரியிலேயே அரசு அவ்விலையை 35 டாலராக உயர்த்தியது. கீழ்ப்படிந்தவருக்கு இழப்பு, கருவூலத்துக்கு ஆதாயம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்நடவடிக்கையின் தேவையை நான் மறுக்கவில்லை. அதன் நேர்மையைப் பற்றி இன்றும் எனக்கு ஐயமுண்டு.

ஆணையில் ஒரு சிறு விலக்கு இருந்தது. சேகரிப்பாளர்கள் தனிமதிப்பு அளிக்கும் அரிய பொற்காசுகளை வைத்துக்கொள்ளலாம். நிதித்தொழிலில் பழுத்த எலியாஸ்பெர்க், அதன் பொருளை உடனே உணர்ந்தார். தாள்பணத்தின் எதிர்காலம் குறித்து அஞ்சிய அவருக்கு, பொன்னைச் சட்டப்படி வைத்திருக்க எஞ்சிய வழி நாணயச் சேகரிப்பே. 1934 முதல் பொற்காசுகளை முனைந்து வாங்கலானார். முதலீடாகத் தொடங்கியது தீராப் பற்றாக மாறியது.

இங்கு நம் நாட்டு அனுபவமும் நினைவுக்கு வருகிறது. சீனப் போரையடுத்து 1963இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்தது. பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன, கடத்தல் செழித்தது. 1968இல் சட்டமாகிய அந்தக் கட்டுப்பாடு 1990இல்தான் நீங்கியது. நம்மவர் தடையை மீறி வழிதேடினர். அவரோ தடைக்குள்ளேயே வழிகண்டார்.

1942இல் கிளாப் குடும்பத்தின் புகழ்பெற்ற தொகுப்பை 1,00,000 டாலருக்கு மொத்தமாக வாங்கினார். 1946இல், 1870ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ மூன்று டாலர் பொற்காசை 11,550 டாலருக்குப் பெற்றார். எடை ஏறக்குறைய 5 கிராம், அதிலும் பத்தில் ஒரு பங்கு கலப்பு உலோகம். உள்ளிருந்த பொன்னுக்கு அவ்விலை கொடுப்பவர் எவருமிலர். அவ்வகையில் வேறொன்று சேகரிப்பாளர் எவரிடமும் இருந்ததாகத் தெரியாததற்கே அவ்விலை. பொன்னைத் தேடிப் புறப்பட்டவர் பொன்னைக் கடந்து வந்துவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1933 எனப் பொறிக்கப்பட்ட இருபது டாலர் பொற்காசு ஒன்றும் அவரிடம் இருந்தது. புழக்கத்துக்கு விடப்படாத அக்காசுகளை வைத்திருப்பது குற்றம் என அரசு அறிவித்தபோது, அவர் அதைத் தாமாகவே ஒப்படைத்தார். பதுக்கல்காரரையும் சேகரிப்பாளரையும் பிரிக்கும் கோடு எனக்குத் தெளிந்த இடம் அதுவே.

1950இல் அமெரிக்க நாணயங்களில் அன்று அறியப்பட்ட எல்லா வகையும் அவர் வசமாயின. தொகுப்பை நிறைவு செய்தது பொன்னன்று. 1873இல் கார்சன் நகரில் அச்சான பத்து சென்ட் வெள்ளிக்காசு. திரட்டியதை இரும்புப்பெட்டியில் பூட்டிவைக்காமல், பொதுமக்கள் காணக் காட்சிக்கு வைத்தார். 1953இல் 'லைஃப்' இதழ் வெளியிட்ட படக்கட்டுரை அவரை நாடறியச் செய்தது.

அமெரிக்கர் பொன் வைத்திருப்பதற்கான தடை 1974 டிசம்பர் இறுதியில் நீங்கியது. ஈராண்டு முடியுமுன், 1976இல், அவர் மறைந்தார்.

1982 அக்டோபரில் பொற்காசுகள் நியூயார்க்கில் ஏலம் போயின. மொத்தம் ஏறத்தாழ 1.24 கோடி டாலர். அந்த மூன்று டாலர் காசு மட்டும் 6,87,500 டாலர். 36 ஆண்டுகளில் பொன் விலை சுமார் பதினொரு மடங்காயிற்று. அக்காசின் விலையோ ஏறத்தாழ அறுபது மடங்கு. ஏலப் பட்டியலின் தலைப்பில் சேகரித்தவர் பெயர் இல்லை. அமெரிக்கப் பொற்காசுத் தொகுப்பு என்று மட்டுமே இருந்தது. யாருடையது என்று ஏலத்துக்கு வந்தவர்கள் கேட்கத் தேவையிருக்கவில்லை.