ஹான்ஸ் ஸ்லோன்: ஒரு வைத்தியரின் வீட்டிலிருந்து பிறந்த நூதனசாலை

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்ட தாரா சிலையைப் பார்க்கவே நான் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1830இல் பிரவுன்றிக் அதை அங்கே கொடுத்தார். எங்கள் மண்ணின் பொருளுக்கு இடம் கொடுத்த அந்த வீட்டை முதலில் கட்டியெழுப்பியவர் யார் என்று தேடியபோது கிடைத்த பெயர்தான் ஹான்ஸ் ஸ்லோன்.

1660இல் அயர்லாந்தின் வடக்கே பிறந்தவர். 1687இல் ஜமேக்காவின் ஆளுநராகப் போன அல்பமார்ல் பிரபுவின் வைத்தியராகக் கப்பலேறினார். பிரபு அடுத்த வருடமே இறந்துபோக, ஸ்லோன் ஏறத்தாழ 800 தாவர மாதிரிகளோடு திரும்பினார். உயிரோடு கொண்டுவந்த பாம்பு, முதலை, உடும்பு போன்ற இகுவானா மூன்றும் வழியிலேயே செத்தன.

அந்தத் தீவில் கரும்புத் தோட்டங்களை நடத்தியது ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பு. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கொடூரத் தண்டனைகளை ஸ்லோன் தன் நூலில் ஒரு செடியை விவரிப்பதுபோலவே, பதற்றமில்லாமல் எழுதிவைத்தார். அதே நூலில் அவர்களுடைய பாட்டுகளின் இசைக்குறிப்பும் இருக்கிறது. கரிபியனில் ஆபிரிக்க இசைக்குக் கிடைத்த மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது. அதனால்தான் இந்த மனிதரை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் என்னால் முடியவில்லை, வணங்கவும் முடியவில்லை.

1695இல் ஜமேக்காத் தோட்டக்காரர் ஒருவரின் விதவையை மணந்தார். தோட்ட வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த அம்மையாருக்கு உரியது. அந்தப் பணமும், பணக்கார நோயாளிகள் கொடுத்த பணமும் சேர்ந்து சேகரிப்பாக மாறின. தானே தேடியது கொஞ்சம். மற்றவர்கள் சேர்த்தவற்றை மொத்தமாக வாங்கியதே அதிகம். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் பட்டியலில் எழுதினார். 32,000 நாணயங்களும் பதக்கங்களும், உலர்ந்த தாவரங்கள் ஒட்டிய நூற்றுக்கணக்கான தொகுதிகளும் அதில் இருந்தன. நியூட்டனுக்குப் பின் றோயல் சொசைட்டியின் தலைவரும் அவரே.

வேர்ஜினியாவிலிருந்து வந்த ஒரு முரசை அமெரிக்கப் பூர்வகுடிகளின் முரசென்று பட்டியல் சொன்னது. அது மேற்கு ஆபிரிக்க அக்கான் மக்களின் முரசு என்பது மிகப் பின்னரே தெளிந்தது. அடிமைக் கப்பலில் கடல் கடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பொருள் தப்பியது, அதைத் தட்டியவரின் பெயர் தப்பவில்லை.

1753 ஜனவரி 11ஆம் திகதி, 92 வயதில் ஸ்லோன் இறந்தார். 71,000 பொருட்களையும் பிரிக்காமல் தேசமே எடுத்துக்கொள்ளலாம், தன் இரு மகள்மாருக்கு 20,000 பவுண் கொடுத்தால் போதும் என்பது அவரது உயில். பெறுமதியோ அதைவிடப் பல மடங்கு. பிரித்தானியா மறுத்தால் வெளிநாட்டு அறிவுக்கழகங்களிடம் போகட்டும் என்றும் ஏற்பாடு செய்திருந்தார். 1981இல் யாழ். நூலகம் ஒரே இரவில் சாம்பலானதை அறிந்த எங்களுக்கு, சேர்த்தது சிதறிவிடுமோ என்ற அந்தக் கிழவரின் பயம் விளங்கும்.

அரசிடம் காசில்லை. பாராளுமன்றம் சட்டம் இயற்றி லொத்தர் நடத்தியது. அதில் மோசடியும் நடந்தது. பரிசும் செலவும் போக 95,000 பவுணுக்குச் சற்று மேல் மிஞ்சியது. மொன்டேகு மாளிகையை வாங்கி, 1759 ஜனவரி 15ஆம் திகதி திறந்தார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் முன்கூட்டியே எழுதி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். கூலிக்காரர் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கும்?

2020இல் ஸ்லோனின் மார்பளவுச் சிலையை அடிமை வரலாற்று விளக்கத்தோடு ஒரு கண்ணாடிப் பேழைக்குள் மாற்றி வைத்தார்கள்.

அவருடைய தாவரத் தொகுதிகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னைக் கோட்டையில் வைத்தியராக இருந்த சாமுவேல் பிரவுன், 1690களில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்து வியாபாரிக்கு அனுப்பிய செடிகளும் அவற்றில் உண்டு. பெட்டிவர் இறந்தபின் ஸ்லோன் அவற்றை வாங்கினார். அந்தச் செடிகளுக்குத் தமிழ்ப் பெயர்களும் எழுதி அனுப்பப்பட்டன. பிரவுனின் பெயர் இருக்கிறது, பெட்டிவரின் பெயர் இருக்கிறது. காட்டில் செடியைக் காட்டி, அதன் பெயரையும் குணத்தையும் சொல்லிக்கொடுத்த தமிழர் யார் என்று நான் தேடினேன். கிடைக்கவில்லை.